ஆறு மணி இரண்டு தரம் வந்த காலை

அதியமான்கோட்டை டீக்கடையில் பாதி டீயோடு உட்கார்ந்திருந்தபோது ஊர்ப் பையன் ஒருவன் போன் செய்தான். "மாமா, கோவிந்தன் போய்ட்டாருங்க. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரலீங்க." எனக்கு முன்னால் போகிற வயதில்லை அவனுக்கு. மாப்பிள்ளை என்று கூப்பிட்ட உரிமையில் அவன் என்றே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லம்பள்ளிப் பக்கம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு, நேரம் பார்த்துத் தண்ணீரும் உரமும் விடுகிற டைமர் பெட்டி மாட்டியது நாங்கள் இருவரும்தான். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் மோட்டார் எப்போது புகையும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெங்களூர் இன்ஜினியர்களே கார் வைத்து என்னைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கோவிந்தன் மட்டும் சிரிப்பான். "போன தடவை ரெண்டு காருன்னீங்களே மாமா, ஒண்ணு எங்க போச்சு?"

அப்படிப் பெட்டி மாட்டிய ருக்குமணி அக்காவின் சாமந்தித் தோட்டம் குத்தகை நிலம். ஆயுத பூஜைக்கென்று மொட்டுக் கட்டியிருந்தது. அந்தப் பூவை நம்பித்தான் அவருக்கு வருஷமே. ஒரு காலை போனில் அழுதார்: "இலையெல்லாம் கருகுதுங்க சாமி!"

போய்ப் பார்த்தோம். மோட்டார் பக்கத்துத் தலைப்பெட்டிக்கு ஒரு கடிகாரம், வரப்போரத்து வால்வுப் பெட்டிக்கு ஒரு கடிகாரம். வால்வுப் பெட்டி கொஞ்சம் முந்தி ஓடி, தன் ஆறு மணிக்கு உரத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. பிறகு தலைப்பெட்டி நேரத்தைச் சரிசெய்ய, வால்வுப் பெட்டியின் கடிகாரம் ஆறுக்கு முந்திய நேரத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. மறுபடி ஆறு மணி. மறுபடி உரம். சில நாளாகவே இதே கூத்து.

"நாம சொன்னதைத்தானே பெட்டி செஞ்சுது?" என்றேன்.

"செஞ்சத மறந்துடுச்சே மாமா. மணி என்னன்னு கேட்டாப் பத்தாது. வேலை முடிஞ்சுதான்னு கேக்கணும்."

அன்று முழுக்க வெறும் தண்ணீர் விட்டு உரத்தைக் கழுவினோம். கீழ்ப்பாத்தி செத்தது. மேல்பாத்தி பிழைத்துப் பூத்தது. அதன்பின் எல்லாப் பெட்டிகளையும் கோவிந்தன் மாற்றியமைத்தான். முடிந்த வேலையைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். கடிகாரம் பின்னால் போனாலும் திரும்பச் செய்யாது. கடிகாரம் முன்னால் தாவி வேலை விட்டுப்போனால், தண்ணீரைத் தானே விடும். உரமென்றால் நம்மைக் கேட்கும். "தண்ணி லேட்டானா செடி பொறுத்துக்கும். உரம் ஏறிப் போச்சுன்னா யாரு எறக்கறது?" என்பான்.

காரியத்தன்று ருக்குமணி அக்கா கேட்டார்: "இனிமே பெட்டி கோளாறு பண்ணுனா யாரைக் கூப்பிடறதுங்க?"

"நான் எதுக்கு இருக்கறேன்?" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மாவட்டத்தில் என்னை விட்டால் வேறு யார்?

மறுநாளே கரண்ட் போய் வந்து கடிகாரங்கள் தாவிவிட்டன. அக்கா கூப்பிட, ஓடினேன். பெட்டித் திரையில் கோவிந்தன் எழுதிவைத்த வரி நின்றது: "உரம் போகலைங்க. விடட்டுமா?"

அவனே நின்று கேட்பதுபோல் இருந்தது. பாத்தியில் கையை விட்டுப் பார்த்தேன். ராத்திரி மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. "இன்னைக்கு வேணாம் மாப்ள" என்று வாய்விட்டுச் சொல்லி, 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினேன்.

அவனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்விதான். பதில் சொல்ல யாராவது வயலுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். இப்போது நான் இறங்குகிறேன்.