ராகிக் குழியை அத்தை கண்டுபிடித்த நாள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். எழுத உட்கார்ந்ததற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தையைப் பற்றி எழுத எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

சேலைத் தலைப்பால் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் அவர் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். நல்லம்பள்ளிப் பக்கம் இரண்டு வருடமாக மழை இல்லை. நன்றாக விளைந்த ஒரு வருடத்தில் தாத்தா வீட்டெதிரே ஆழமாகக் குழி வெட்டி, ராகியைக் கொட்டி, பலகைக் கல்லால் மூடி மண் போட்டிருந்தார். அப்படி வைத்தால் பத்து வருடமானாலும் கெடாது. தாத்தா இறந்த பிறகு அய்யா, அதாவது என் அப்பா, மாட்டுக் கொட்டாய் கட்டினார். வேறு மூன்று குழிகள் வெட்டி, நிரப்பி, எடுத்துக் காலியும் செய்தார். இப்போது பழைய குழி எங்கே என்று தெரியவில்லை. "கொட்டாயிலிருந்து பத்துத் தப்படி" என்று அவர் காட்டிய இடமெல்லாம் கடப்பாரையால் குத்தினேன். அவருடைய காலிக் குழிகள்தான் அகப்பட்டன. தாத்தா மூடியபோது எட்டு வயதில் நானும் பக்கத்தில் நின்றவன்தான். ஆனால் நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியிலும் கொட்டாய் நிற்கிறது, அன்று இல்லாத கொட்டாய். பின்னால் வந்தது முன்னால் இருந்ததன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை. இன்று அங்கே என் மகன் வீடு கட்டியிருக்கிறான். இதை எழுத அந்த வீட்டையும் மனத்திலிருந்து நகர்த்த வேண்டியிருக்கிறது.

பானையில் நாலு நாளைக்கு மாவு இருந்தது. குழி கிடைக்காவிட்டால் உழவு மாடுகளை விற்பதென்று அய்யா முடிவு செய்துவிட்டார். அம்மா கம்பைநல்லூருக்குச் சொல்லி அனுப்ப, அய்யாவின் தங்கையான அத்தை வந்தார். தாத்தா குழியை மூடிய பிறகு, கொட்டாய் வருமுன்பே கல்யாணமாகிப் போனவர்; ஏதோ மனத்தாங்கலில் அன்று முதல் வராதவர்.

"பத்து வருசமா இந்த வூட்டை எட்டிப் பாக்காதவ. உனக்கு என்ன தெரியும்?" என்றார் அய்யா.

"பாக்காததாலதாண்ணா தெரியுது."

கண்ணைக் கட்டிக்கொண்டு நிலைப்படியிலிருந்து எண்ணியபடி நேராக நடந்தார். பதினாலாவது தப்படியில் கொட்டாய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

அய்யா சிரித்தார். "அப்பன் சுவத்துக்குள்ளயா வெச்சாரு?"

"சுவரு நேத்து வந்தது. குழி அதுக்கு மூத்தது. அப்பன் எண்ணிக் காட்டுனது பதினெட்டு, இன்னும் நாலு தப்படி இருக்குது. அண்ணி, உள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?"

"சோளத்தட்டு அடுக்கியிருக்குது," என்றார் அம்மா.

தட்டை அகற்றி ஒரு முழம் தோண்டியதும் கடப்பாரை கல்லில் இடித்தது. கல்லைப் புரட்டி, கெட்ட காற்றுப் போகப் பொழுது சாயும்வரை விட்டுவைத்து, கயிற்றில் விளக்கை இறக்கினோம். அது அணையாமல் எரிந்தது. நான் இறங்கி அள்ளினேன். ராகி சிவப்பாக, உலர்ந்து, விரலிடுக்கில் ஓடியது. முறம் முறமாக மேலே கொடுத்தேன். தெருவே வந்து நின்றுவிட்டது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர்வலத்துச் சாமி போல நடுவில் நின்றார்.

"மாட்டை எப்பண்ணா விக்கிறது?"

அய்யா ஒரு பிடி ராகியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் அத்தை ஊருக்குப் புறப்பட்டார். அய்யா ஒரு மூட்டை ராகியை அவர் வண்டியில் ஏற்றிக் கட்டினார்.