லிஃப்ட்காரர் பழுது பார்த்த சிந்தசைசர்

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் பெயர் லிஃப்ட்காரர்தான். மோட்டார் அறைகளின் இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மனைவி போய் நாலு வருஷம். மிச்சம் வெளிநாட்டில் ஒரு மகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து ஒரு போன்.

அந்தப் போன் இருக்கிறதே!

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்."

மூன்று நிமிஷத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். வாரம் முழுக்க வாயைத் திறக்காத மனுஷன், திறக்கக் கிடைத்த நேரத்தில் இப்படிச் சொதப்பினால் யார் என்ன செய்வது? ஒருநாள் அவள் போன் செய்வதையே நிறுத்திவிடுவாளோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதைப்பு.

அதனால்தான் பழைய சாமான் கடையில் அந்த சிந்தசைசரைக் கண்டதும் நின்றார். குமிழ்களைத் திருகிச் சத்தம் உண்டாக்கும் அந்தக் காலத்துப் பெட்டி. கீபோர்டு வகுப்புக்குப் போன வயதில் மகள் இதைத்தான் படத்தில் காட்டிக் காட்டிக் கேட்டாள். அவர் வாங்கித் தரவில்லை.

"இது பாடாதுங்க, பாத்துக்கோங்க," என்றார் கடைக்காரர்.

"நானுந்தான் பாட மாட்டேன். கட்டிக் குடுங்க."

நாலு மாதம் சாப்பாட்டு மேஜைதான் ஒர்க்‌ஷாப். உப்பிப்போன கெபாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைத்தார். வாசிக்கும் கட்டைகளுக்கு அடியிலிருந்த மின் கான்டாக்டுகளைத் துடைத்தார். லிஃப்டில் ரிலே சுவிட்ச் துடைத்த கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? சுருதி சேர்ப்பதுதான் உயிரை வாங்கியது. ஒருவர் முன்னால் கட்டையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பின்பக்கம் திருக வேண்டும். இன்னொருவருக்கு எங்கே போவது? வாசல் பூட்டைக் கட்டைமேல் வைத்துவிட்டுப் பின்னால் போவார். பூட்டு சரியும், சத்தம் நிற்கும், முன்னால் ஓடி வருவார். "ஒழுங்கா பிடிடா, சோம்பேறி!" என்று பூட்டைத் திட்டுவார். திட்டிய பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிடும். காதை நம்பாமல், போனில் சுருதி காட்டும் ஆப்பின் முள்ளைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தார். மகளிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிறு, கருவி சூடாகிச் சுருதி நிலைக்கட்டும் என்று அரைமணி முன்பே ஆன் செய்து வைத்தார். போன் வந்தது.

"உனக்காக ஒரு சிந்தசைசர் ரிப்பேர் பண்ணிருக்கேன். கேளு!"

கட்டையை அழுத்தினார். ஆடாமல் அசையாமல் ஒரே சுரம் அறையை நிறைத்தது. அடடா! போனைப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"கேக்கலையா?"

"முதல்ல ஏதோ விசில் மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் இல்லை.

"ஒரே மாதிரி நீளமா வந்தா, அது இரைச்சல்னு நெனச்சு போனே வெட்டிடும்பா. பேச்சை மட்டும்தான் விடும். நீங்க பேசுங்க."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவருக்கு. பேசத் தெரியாமல்தானே நாலு மாதம் இதைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்? கட்டையிலிருந்து விரலை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா."

"என்னத்த சொல்ல... தனியா இருக்க முடியலம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். மகள் அழுதுகொண்டிருந்தாள்.