கழற்றி வைத்த தகடு

டாலிகஞ்சுக்கு அப்பால் இருந்த அரசாங்க நாற்றுத் தோட்டத்தில் நான் மெக்கானிக். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி அந்தத் தீவுக்கு வந்து மூன்றாவது வருஷம். அங்கே புல் வெட்டவும் நாற்று ஏற்றவும் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. தண்ணீர் ஊற்றாத எஞ்சின். விசிறி தள்ளுகிற காற்றுதான் அதைக் குளிர வைக்கவேண்டும். அதை ஓட்டியவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்.

ஒரு நாள் அவர் ஷெட்டுக்கு வந்து, "தம்பி, வண்டி சூடு தாங்கல. அரைமணி நேரத்துல இழுக்க மாட்டேங்குது. மேல் கூட்டைக் கழட்டி ஒருவாட்டி பாத்துருங்களேன்" என்றார்.

எஞ்சினை மூடியிருக்கும் அந்தத் தகரக் கூட்டைக் கழற்றினால் பாதி நாள் போய்விடும். நான் ஆயில் கம்பியை மட்டும் உருவிப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அது போதுமாக இருந்தது எனக்கு.

"ஆயில் பாக்காம ஓட்டிருக்கீங்க."

"தினமும் பாக்குறேன் தம்பி. சூடானதுக்கு அப்புறம்தான் குறையுது."

அவர் சொன்னது சரி. அதிகம் சூடாகிற எஞ்சின் ஆயிலைக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அதிகாரி கேட்டபோது, டிரைவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டேன். அதிகாரி வங்காளி, ஹிந்தியில்தான் பேசுவோம். மறுநாளே அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி, அரிவாளோடு புல் அறுக்க அனுப்பினார்கள். வேறொருவர் வண்டியில் ஏறினார். நான் ஆயில் மாற்றிக் கொடுத்தேன். மழை விடாமல் பெய்த வாரங்கள் அவை. வண்டிக்கு வேலை குறைவு. என் கணிப்பு சரி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வெயில் வந்ததும் வண்டி மறுபடி நின்றது. ஆயில் கோட்டளவில் இருந்தது. பிளக்கைக் கழற்றினேன், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் எரிகிறதோ என்று கார்புரேட்டரைத் திருகிப் பார்த்தேன். மாற்றமில்லை. கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மேல் கூட்டைக் கழற்றினேன்.

சிலிண்டரைச் சுற்றியிருக்கும் மெல்லிய விளிம்புகளுக்கிடையில், பின்பக்கம் முழுக்க, புல் தூசியும் மண்ணும் எண்ணெயில் ஊறிக் கருகி இறுகிப் போயிருந்தன. காற்றைப் பின்பக்கம் திருப்பிவிடும் உள்தகட்டைக் காணவில்லை. அது எங்கே என்று நான் தேடவேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ வேலைக்காகக் கழற்றியபோது அதன் ஸ்குரூ துருப்பிடித்து உடைந்தது. சின்னத் தகடுதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று பெஞ்சுக்கு அடியில் போட்டவன் நான்தான்.

மூங்கில் சிம்பால் அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். புல் கட்டை இறக்கிவிட்டு அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். வலது முழங்காலைக் கையால் தாங்கியபடி மெல்லக் குனிந்து பார்த்தார். என் இன்னொரு கையில், பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்த அந்தத் தகடு.

"இது முன்னாடி உள்ள இருந்துச்சே தம்பி" என்றார்.

"அப்படியாண்ணே?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான் பூட்டி முடிக்கும்வரை தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி அன்று மாலைவரை நிற்காமல் ஓடியது. அடைப்பு எடுத்தேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். "ஷாபாஷ்" என்றார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி டீ கொடுத்தார்.

"நீங்க சொன்னா அந்த ஸாப் கேப்பாராமே தம்பி. குனிஞ்சு குனிஞ்சு இவருக்கு முட்டி வீங்கிப் போச்சு. மறுபடி வண்டியில போடச் சொல்லுங்களேன். உங்க மேல அவருக்கு வருத்தமெல்லாம் இல்ல."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். "சொல்றேன் அக்கா" என்று மட்டும் சொல்லி, டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, அண்ணன் திரும்பி வருவதற்குள் டெலானிபூரிலிருந்த என் குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அதிகாரியின் மேஜை முன் நின்றேன். அண்ணனையும் கூப்பிடச் சொன்னேன், அவரும் வந்து நின்றார். "கல்தி மேரா ஹை, ஸாப்" என்று, தப்பு என்னுடையதுதான் என்பதைச் சொன்னேன். தகட்டைக் கழற்றிப் போட்டதையும், டிரைவர் சொல்லியும் கூட்டைத் திறக்காததையும் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இனிமேல் கவனமாக இரு என்றார். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அண்ணனுக்குக் கிடைத்ததோ ஆறு வாரம் அரிவாள்.

மறுநாள் அவர் வண்டியில் ஏறினார். யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. இன்னும் நான்கு வருஷம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். அதிகாரியிடம் ஹிந்தியில் சொன்ன அந்த மூன்று வார்த்தையை அண்ணன் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.