அரிப்பில் தண்ணீர் கேட்டவர்கள்

கண்டி மார்க்கெட்டில் கருவாட்டு வாடை அடிக்கும்போதெல்லாம், சிறுவயதில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்பா எங்களைக் கூட்டிப்போன, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற பழைய துறைமுக ஊரும், அதன் முட்புதர்களும், கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த இடிந்த மாளிகையும், நடுப்பகலிலும் ஆளரவமற்றுக் கிடந்த மணலும் நினைவில் எழும். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்திறங்கி மலைநாட்டுத் தோட்ட வேலைக்கு நடந்த வழி அது. பலர் தாகத்திலேயே செத்துப்போனார்களாம். தங்கச்சியிடம் அதை யாரும் சொன்னதில்லை. அவள் திடீரென்று வெறும் மணலைக் காட்டி, "அப்பா, அவங்க தண்ணி கேக்குறாங்க" என்றாள்.

அப்பா எங்களிடமிருந்த ஒரே போத்தலைத் திறந்து, முழுவதையும் மணலில் ஊற்றினார்.

"போதுமாம்மா?"

"இன்னும் நெறைய பேரு நிக்கிறாங்கப்பா."