மரக்கட்டை முகம்

இவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்கிறாள். புருவம் அசையக் கூடாது, உதடு பிரியக் கூடாது. சீப்பு தேடி வந்த அண்ணி கதவருகே நின்று, "யாரு மேல இவ்வளவு கோபம்? நேத்து பாத்திரம் கழுவச் சொன்னதுக்கா?" என்கிறாள். அவ்வளவுதான், மரக்கட்டை சிரித்துவிடுகிறது.

வீட்டில் இவளுக்கு 'உம்கொட்டி' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டிக் கேட்பாள். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேம் பார்க்க வந்தவர்கள் மருமகள் சண்டைவரை கொட்டித் தீர்த்துவிட்டு, எதையும் வாங்காமலே தெம்பாகத் திரும்பிப் போவார்கள். "நீ பேசாம மனநல ஆலோசகரா போயிடேன், என் வியாபாரமாவது பிழைக்கும்" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவள் இவள் ஒருத்திதான்.

மனநல ஆலோசகர் படிப்பில் சேர ஆய்வு அனுபவம் வேண்டும். ஒரு பேராசிரியரின் பரிந்துரையும் வேண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் உளவியல் ஆய்வுக்கூடத்தில் தன்னார்வலர். சம்பளம் கிடையாது, கட்டளைகளுக்குக் குறைவில்லை. ஆய்வுக்கு வருபவரை எதிரே உட்காரவைத்து, அச்சிட்ட கேள்விகளை ஒரே குரலில் வாசித்து, பதில்களைப் பதிவு செய்ய வேண்டும். வேறொன்றும் செய்யக் கூடாது.

முதல் மாதப் பதிவுகளைக் கேட்ட பேராசிரியர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது? ஒவ்வொரு பதிலுக்கும் நடுவுல 'ம்ம்... அப்புறம்?'னு ஒரு குரல்!"

"சும்மா இருந்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல மேடம்?"

"நீ உம் கொட்டினா அதிகமா பேசுறாங்க. பக்கத்து ரூம்ல இதே கேள்விகளை இன்னொருத்தர் கேக்கும்போது அப்படிப் பேசல. அப்ப நான் அளக்கிறது அவங்க மனசையா, உன் 'உம்'மையா?"

ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போயிற்று. இன்னொரு தடவை குறுக்கிட்டால் பரிந்துரை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்று தொடங்கியதுதான் இந்தக் குளியலறைப் பயிற்சி. நாக்கைக் கடித்துக்கொண்டு தேறியும்விட்டாள். "இப்பதான் உருப்படுற" என்று பேராசிரியரே மெச்சினார்.

அதற்கடுத்த சனிக்கிழமை வயதான தையல்காரர் ஒருவர் வந்தார். சுவரில் இருந்த கறுப்புக் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் பேராசிரியர் கவனித்துக்கொண்டிருந்தார்.

"கடந்த வாரத்தில் நீங்கள் சிரித்த ஒரு தருணத்தைக் கூறுங்கள்" என்று வாசித்தாள்.

தையல்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "சிரிச்சதா... வீட்டுல அவ போனதுலேர்ந்து, இப்படி உக்கார வச்சு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா." மேலே பேச முடியாமல் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

தாளில் அடுத்த வரி, 'நன்றி. அடுத்த கேள்விக்குச் செல்வோம்' என்றிருந்தது.

அவள் கறுப்புச் சன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.