அக்காவுக்குப் போட்ட மார்க்

நல்லது செய்கிறேன் என்று கிளம்பி நான் கெடுத்த காரியங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், சொந்த அக்காவின் காதைக் கெடுத்தேன். ஒரு மாதம், தினமும் சாயங்காலம், மிகுந்த பாசத்தோடு.

அக்கா கணக்கு டீச்சர். மூளைக்காய்ச்சலில் பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டன. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகினாள். அவளுக்காக நான் மீசையை எடுத்தேன். ஆபீசில் ஒரு வாரம் யாரும் என்னை மதிக்கவில்லை, அதற்கு முன்பும் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் போர்டு பக்கம் திரும்பி நிற்கிற டீச்சருக்குப் பிள்ளைகளின் உதடு எப்படித் தெரியும்? பள்ளியில் அவளை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடி வகுப்பில் நிற்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டாள்.

காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம், அதிலிருந்து ஒயர், இடுப்பில் டப்பா. முதல் நாள், “நான் பேசறது கேட்குதாக்கா?” என்றேன்.

“தகர டின்ல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்குடா.”

“என் குரலே அப்படித்தானேக்கா.”

அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சத்தம் பேச்சாக மாறப் பயிற்சி வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி மேடம். “வாயைப் பேப்பரால மறைச்சுக்கிட்டு தினமும் இருபது வார்த்தை சொல்லுங்க சார். அவங்க திருப்பிச் சொல்லட்டும். எத்தனை சரின்னு எழுதிட்டு வாங்க. அதை வெச்சுதான் நான் மெஷினை அட்ஜஸ்ட் பண்ணணும்.”

முதல் சாயங்காலம் இருபதுக்கு மூன்று. அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து “பாப்பா” என்றேன்.

“மாமா” என்றாள்.

பேப்பரை இறக்கி, “கரெக்ட்!” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், வள்ளலாகிவிட்டேன். நோட்டில் பதினைந்து, பதினேழு, பத்தொன்பது.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் நோட்டைப் பார்த்து அசந்துபோனார். பிறகு வாயை மறைத்துக்கொண்டு அவரே கேட்டார். இருபதுக்கு நான்கு. மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் அக்கா பார்த்தாள்.

திரும்பும்போது தாம்பரம் ரயில் பல்லாவரத்தைத் தாண்டியது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, “ஜூன்ல கிளாஸுக்கு வந்துடறேன்னு எச்.எம். கிட்ட சொல்லிட்டேன்டா” என்றாள். அந்த வருடம் ஜூன் அவள் இல்லாமலே வந்து போனது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாளே இரும்புலியூர் வீட்டில் அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “இனிமே உன் மூஞ்சியே வேணாம். தப்புன்னா தப்புன்னு சொல்லு.”

சொன்னேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு தினமும் பத்துப் பதினைந்து முறை “தப்பு” என்றேன். மேடம் மெஷினை முதலிலிருந்து மாற்றி வைத்தார். நான்கு, ஆறு, மறுபடி நான்கு. மழைக்காலம் முடியும்போது ஒன்பது. பயிற்சி நேரத்தைத் தவிர அவள் என்னிடம் பேசுவதில்லை.

ஒருநாள் ஏழாவது வார்த்தையைச் சொன்ன பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றை அவள் முதுகிடம் கேட்டேன்.

“இன்னும் கோபமாக்கா?”

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது. அவள் திரும்பவில்லை.

“ஆமா. அடுத்தது சொல்லு.”