மூத்த பெட்டிக்குப் பெரிய பொட்டு

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை பெற்று என்னிடம் விட்டுப் போனது. ஐந்து பேரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான், இன்றைக்கும் வேலைக்குப் போகிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதனால் ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் எழுத வரும். கை வலித்தால் கால் பக்கம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் எழுதாமல் உட்காரவும் முடியவில்லை.

நான் பெருக்கித் துடைக்கப் போகிற இடம் மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். வெளியிலிருந்து பார்த்தால் குடித்தனம் மாதிரி இருக்கும். உள்ளே சர்வர் பெட்டி செய்கிறார்கள். சர்வர் என்றால் ஹோட்டலில் இட்லி கொண்டுவந்து வைக்கிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேர்ந்த அன்றே அதைச் சொல்லிவிட்டேன். அங்கே முதலாளியான சார் சிரித்தார்.

"இதுவும் அதே வேலைதானம்மா. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கம்ப்யூட்டர்ல கேட்டா, பேஷண்டோட ரத்த ரிப்போர்ட் எடுத்து வைக்கணும். இருபத்துநாலு மணி நேரமும். ஊட்டக்கும் ரஜா இல்லை."

ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு, ரஜா என்றால் விடுமுறை. சாருக்குத் தாய்மொழி கன்னடம். என்னிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே இப்படி நழுவும்.

பெட்டி அகலமாக, தட்டையாக, இழுப்பறை போல இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைப்பார்கள். உள்ளே ஆறு ஃபேன் வரிசையாக ஓடும். ஒன்று நின்றால் மற்ற ஐந்தும் வேகம் கூட்டிக்கொள்ளும். கரண்ட் வாங்குகிற பாகம் இரண்டு உண்டு. ஒருநாள் நான் தண்ணீர் வைக்கப் போனபோது, ஓடுகிற பெட்டியிலிருந்து அதில் ஒன்றைச் சார் கையால் உருவிக் காட்டினார். பெட்டி அசையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. இதைக் கண்டுபிடித்தது நானில்லை, எல்லோரும் செய்வதுதான், ஆனால் எந்தப் பாகம் செத்தாலும் பெட்டி சாகக் கூடாது, அதுதான் என் பைத்தியம் என்றார்.

பெட்டிக்குள் போகிற சர்க்யூட் பலகைகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற பெண் கொள்ளேகாலத்துக்காரி. எனக்குப் பக்கத்து ஹனூர். பேச்சு ஒரே பேச்சு. என்னைப் பெரியம்மா என்பாள், நான் அவளை அம்மிணி என்பேன். மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருக்கிறாள், இந்த வேலைச் சம்பளத்தை நம்பித்தான். ஈயம் பற்ற ஒரு பசை தடவுவார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பசையை ஸ்பிரிட்டால் பிரஷ் போட்டுக் கழுவியாக வேண்டும். விட்டால் வெள்ளையாகப் பூக்கும். கழுவுவதும் அவள்தான்.

போன தசராவுக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரிக்காக மூன்று பெட்டிகள் தயாராயின. நாற்பது நாள் நிற்காமல் ஓடினால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றையும் உள் அறையில் ஏற்றி ஓட விட்டாயிற்று.

ஆயுத பூஜை வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, உள் ரூம்ல மட்டும் பூஜை பேடா. வாசல்ல, என் கார்ல, டேபிள்ல எல்லாம் எஷ்டு பேக்கோ அஷ்டு செய்யுங்க."

பேடா என்றால் வேண்டாம். மற்ற இடத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு செய்துகொள் என்கிறார். ஆகட்டும் சார் என்றேன். வாசலில் பூசணி உடைத்தோம். காருக்குச் செவந்தி மாலை போட்டோம். அம்மிணியின் பற்றவைக்கும் கோலுக்குக் கூட ஒரு பொட்டு. மத்தியானம் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். பூட்டுவது என் பொறுப்பு.

பூட்டப் போனவள் உள் அறையை எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு மைசூரில் பொட்டில்லாத சைக்கிள் கிடையாது, தையல் மிஷின் கிடையாது. இரவும் பகலும் ஓடுகிற இந்த மூன்று மட்டும் வெறும் நெற்றியோடு நிற்கின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. என் கையால் துடைக்கிற எந்த மிஷினையும் அந்த நாளில் நான் வெறுமனே விட்டதில்லை.

விபூதியை நீரில் குழைத்து முகப்பில் பூசினேன். முகப்பு முழுக்கத் துளை. பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அள்ளி அழுத்தினேன். மேல் பெட்டிதான் முதலில் செய்தது, மூத்தது, அதனால் அதற்கு மூன்று விரல் பட்டை, தாராளமாக. மற்ற இரண்டுக்கும் சின்னதாக. நடுவில் துளி குங்குமம். கற்பூரம் காட்டவில்லை. நெருப்பு ஆகாது என்கிற புத்தி இருந்தது. காற்றைப் பற்றிய புத்தி இல்லை. ஃபேன் என்றால் முகத்துக்கு நேராக ஊதும் என்றுதான் எனக்குத் தெரியும். இந்தப் பெட்டி முகத்தால் இழுத்து முதுகால் விடுகிற ஜாதி.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கு மறுநாள் சார் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு சீக்கிரமே போனேன். துடைக்க ஒன்றுமே இல்லை. குங்குமக் கறை மட்டும். நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். எங்கே போயிற்று என்று யோசிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் விடாத மழை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மேல் பெட்டி நின்றுவிட்டது. இரண்டு கரண்டும் இருந்தது, ஆறு ஃபேனும் நன்றாக இருந்தது. பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது. சார் அதைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"வெள்ளையா பூத்திருக்கு. பசை சரியா கழுவலை. ஈரம் பட்டதும் கரண்ட் அது மேல ஓடிடுச்சு."

நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை என்ற சொல் காதில் விழுந்தது. டம்ளரை வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். பால் வாங்காமல் திரும்பி வந்தேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்காரர்கள் யார் தப்பு என்று கேட்டார்களாம். கழுவியவர் தப்பு என்று சார் ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். மாசக் கடைசியோடு அம்மிணி நின்றுகொள்ள வேண்டும். அதை அவளிடம் சொல்லும்போது சார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அது முதல் நாள். மூன்று சிட்டிகை விபூதி ஒரு இரும்புப் பெட்டியைக் கொன்றுவிடுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அம்மிணி ஸ்பிரிட்டில் வெளுத்த விரல்களை நீட்டினாள்.

"மூணு வாட்டி கழுவுனனுங்க பெரியம்மா. நெகம் பாருங்க, எப்படி வெந்து கெடக்குதுன்னு."

"கழுவுனே அம்மிணி. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, சாருக்குத் தெரியோணுமே." சிரித்தாள். "ஆயுத பூஜைக்கு எனக்கும் ஒரு பொட்டு வெச்சு மூலையில உக்கார வெச்சிருந்தா நல்லா ஓடியிருப்பனாட்ட இருக்குது."

சும்மா சொன்னாள். நான் டப்பாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். வாங்க ஒன்றுமில்லை. குங்குமக் கடைக்காரர் வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்து விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நல்ல ஃபேன் இருக்கிறதே, போடக் கூடாதா என்றேன்.

"போட்டா நம்ம சரக்கு பூரா எதிர் கடைக்குப் போயிடும் தாயி. விபூதி இருக்கே, அதுதான் மொதல்ல எந்திரிச்சு ஓடும்."

காய்ந்த விபூதி, ஆறு ஃபேன், பெரிய பட்டை வாங்கிய பெட்டிதான் செத்தது. இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை சொல்லத்தான் போனேன். சார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். சாயங்காலம் தனியாகத்தான் இருந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து பிள்ளைகளில் ஒருவரிடம் கூட நான் மன்னிப்புக் கேட்டது கிடையாது. கேட்கிற மாதிரி நடந்துகொண்டதில்லை என்று பெருமை. அந்தப் பெருமை வாயை அடைத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை விபூதி டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ச் சார் மேஜைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது? பிரசாதமா?"

"நீங்க தேடுற வெள்ளை இதுதான் சார். பேடான்னு சொன்னீங்க. நான் வெச்சுட்டேன்."

சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்தப் பெட்டிக்கு எஷ்டு?" என்றார். காட்டினேன். எழுந்து போய் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து ஃபேனை ஓட விட்டார். அம்மிணியையும் கூப்பிட்டார்.

"அதே மாதிரி வையுங்க அம்மா. குறைக்காம."

இரண்டு பேரும் பார்க்க, குழைத்து, மூன்று விரலால் இழுத்தேன். பட்டை கோணலாகிவிட்டது. காயும்வரை காத்திருந்தோம். பிறகு சார் டார்ச் அடித்தார். வெளிச்சத்தில் சாம்பல் நூல் நூலாகப் பிரிந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் போயிற்று. மூடியைத் திறந்து காட்டினார். அன்றைக்குப் பூத்திருந்த அதே இடத்தில் மெல்லிய வெள்ளை படிந்திருந்தது.

சார் அம்மிணியிடம் கன்னடத்தில் தப்பாயிற்று என்றார். வேலையை விட்டு நிற்க வேண்டாம் என்றார். அவள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கெழமையே தெரியுமா?"

"தோணுச்சு."

"நாலு நாளு." அவ்வளவுதான் சொன்னாள். பெரியம்மா என்று சேர்க்கவில்லை. அப்புறம் பல நாள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய்ச் சாப்பிட்டாள்.

சார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு சின்னப் பலகை செய்தார். நகத்தளவு. அதில் இரண்டு செம்புச் சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று, தொடாமல் விட்டது போல மெல்லிய கோடுகள். பெட்டி மூச்சு இழுக்கிற வாயிலேயே அதை வைத்தார். எந்த அழுக்கு வந்தாலும் முதலில் அதில்தான் படியும். ஈரம் சேர்ந்தால் முதலில் அதில்தான் கரண்ட் தாவும். உடனே விளக்கு எரியும், பெட்டியைச் சுத்தம் செய் என்று ஆள் கூப்பிடும். பெட்டி சாவதற்கு முன்னால். இதைக் கண்டுபிடிப்பு என்று பதிவு செய்ய எழுதிப் போட்டிருக்கிறார். சோதனைக்கு என் டப்பா விபூதிதான். அந்த இங்கிலீஷ் காகிதத்தைப் பேத்தியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அதில் நுண்ணிய காரத் தூசு என்று இருக்கிறதாம். தூசாம்!

செத்ததைச் சரிசெய்த பிறகு, மூன்று பெட்டிகளும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணி நாற்பது நாள் ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. அம்மிணியும் திரும்ப என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். போன வாரம் ஊறுகாயைத் தள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"வாயால சொன்னீங்க, சரி. அந்த ரிப்போர்ட்டுல நான்தான் கழுவுலைன்னு இன்னும் கெடக்குது. சாரைக் கேட்டா, மாத்தி அனுப்பறேன், எழுத்துல ஏதாச்சும் இருந்தா நல்லதுங்கறாரு."

"நான் எழுதித் தரேன் அம்மிணி."

"நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுதுனா நாலு நாளையும் சேர்த்து எழுதுங்க. செவ்வாக்கெழம மட்டும் எழுதிப் போடாதீங்க."

அதனால்தான் இத்தனை பக்கம். சாருக்கு இதில் பாதி போதும். மீதி எனக்கு. சொல்லி முடித்த பிறகும் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பு மாட்டியது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

பேத்தி காலேஜிலிருந்து வந்துவிட்டாள். கன்னடம் வெள்ளம் போலப் படிப்பாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"என்ன அஜ்ஜி, இத்தனை பக்கமா? நான் சும்மா மேலாப்புல பார்க்கட்டா?"

"மேலாப்புல வேண்டாம் கண்ணு. உக்காரு. வெள்ளிக்கெழமையிலிருந்து செவ்வாக்கெழம வரைக்கும் ஒரு நாளும் விடாம இருக்குதான்னு எனக்குத் தெரியோணும். மொதல்ல இருந்து சத்தமாப் படி."